தூக்குவளையம் வெச்ச வெளையாட்டு மெஷின்

கால்ல இடிச்சிருச்சுங்களா? அய்யோ, மன்னிச்சுக்கங்க. சாக்குக்குள்ள இருக்கறது மோட்டாருங்க. போர்க்கெணத்துல எறக்கற மோட்டாரு. கண்டக்டரு இதுக்கும் தனியா லக்கேஜ் போட்டுத்தான் ஏத்துனாரு. என்ற வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குது, இல்லாட்டி பஸ்ல எதுக்கு இதைத் தூக்கிட்டு அலையறேன். நீங்க காலை இப்பிடி நீட்டிக்கங்க. மோட்டாருக்கு ஒண்ணும் ஆவாது. எங்க மோட்டாரு மேல லாரியே ஏறுனாலும் ஒண்ணும் ஆவாது.

எங்க மோட்டாருன்னா நானே செஞ்சதுங்க. கணபதியில பட்டறை. 'மரகதம் பம்ப்ஸ்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லீங்களா? செரி, உங்களுக்குத் தோட்டந்தொரவு இருக்காதாட்டருக்குது. என்ற பேரு செல்லமுத்து. மரகதம்ங்கறது என்ற தங்கச்சி பேரு. பட்டறை ஆரம்பிக்கறப்ப சாமி பேரு வெக்கலாம்னாங்க. எல்லா சாமி பேரையும் மத்த பம்புக்காரங்க முன்னாடியே எடுத்துட்டாங்க. தங்கச்சி பேரை வெச்சுட்டேன்.

இந்த மோட்டார் பத்து வருசத்துக்கு முன்னால அதே தங்கச்சி ஊட்டு போர்ல எறக்குனது. ஒரே வாரத்துல மேல வந்துருச்சு. இன்னிக்கு அதே ஊட்டுக்கு, அதே போருக்குத் திரும்பிப் போகுது. எப்பிடின்னு கேக்கறீங்களா? கேக்காட்டியும் சொல்றேன், சூலூர் வர இன்னும் நேரங்கெடக்குது. அதுக்கெல்லாம் காரணம் ஒரு வெளையாட்டு மெஷினுங்க. கைல புடிச்சுட்டு புள்ளைங்க அமுத்தி அமுத்தி வெளையாடுமல்ல, அது. அதையும் நாந்தான் செஞ்சேன்.

சிரிக்காதீங்க. சிரிச்சவங்களையெல்லாம் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

மொதல்ல மோட்டார் கதைய முடிச்சர்றேன். தங்கச்சியக் கட்டுன மாப்ள பேரு ரகுபதி. கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. நல்ல மனுசந்தாங்க, ஆனா ஸ்க்ரூடிரைவர எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரியாது. சூலூர்ல ஊடு கட்டி போர் போட்டாரு. ஒரம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் கூடி நிக்க, நானே மோட்டாருக்குச் சந்தனம் பூசி, பூப்போட்டு, கவுத்தக் கட்டி எறக்குனேன். தண்ணி பாருங்க, அப்பிடி வந்து அடிச்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. ஒரு வாரங்கூட ஆவல, நின்னு போச்சு.

நான் அன்னிக்கே சொன்னேன், அந்தத் தண்ணி சரியில்லீங்க. உப்புன்னா நீங்களும் நானும் பாக்கற உப்பு இல்ல, இரும்பையே திங்கற உப்பு. மோட்டார்ல ஒரு கொறையும் இல்ல. "ரெண்டு நாள் பொறுங்க மாப்ள, வந்து பாக்கறேன்"னேன். பட்டறைல வேலை, அந்த ரெண்டு நாள் கொஞ்சம் நீண்டு போச்சு. அதுக்குள்ள மனுசன் வேற கம்பெனி மோட்டார் வாங்கி எறக்கிட்டாரு. என்றத கழட்டி, கார் நிறுத்தற எடத்துல ஒரு மூலைல போட்டு, மேல சாக்கு போட்டு மூடிட்டாரு. என்ற கண்ணால பாத்தேன். மரகதம்னு பேர் போட்ட மோட்டாரு, மரகதம் ஊட்லயே மூலைல கெடக்குது. நீங்களே சொல்லுங்க, ஒரு அண்ணனுக்கு எப்பிடி இருக்கும்?

அன்னிக்கு வெளில வந்தவந்தான். அந்த ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கல.

அப்ப தங்கச்சி மக இலக்கியா தவழ்ந்துட்டிருந்தா. அந்த வருசந்தான் அவளுக்குக் காது குத்தறதா இருந்துச்சு. தாய்மாமன் மடில உக்கார வெச்சுத்தான குத்தோணும்? மாமன் மடி இல்லாம குத்துனா அது வெறும் ஓட்டைங்க. மரகதத்துக்கு அண்ணன்னு நான் ஒருத்தந்தான், பங்காளி வகைல யாரையாச்சும் உக்கார வெக்க அவளுக்கும் மனசு வரல. மாப்ள வந்து கூப்பிடட்டும்னு நான். மச்சான் வந்து மோட்டாரப் பாக்கட்டும்னு அவரு. ரெண்டு பேருக்கும் நடுவுல புள்ள மூளிக்காதோட வளந்துட்டே வந்துச்சு.

இந்த வருசம் சித்திரைல மரகதம் பட்டறைக்கே வந்துட்டா. "அண்ணா, இனியும் தள்ளுனா நல்லால்ல. ஆவணில முகூர்த்தம் பாத்தாச்சு. அவரும் செரின்னுட்டாரு. நீ வந்து உக்காரு"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள குதியாட்டம். வெளிய மொறைச்சுட்டு நின்னேன், உடனே பல்லைக் காட்டுனா நல்லாருக்காதல்ல. அப்பறம் அவ தலையக் குனிஞ்சுட்டு, "ஆனா நம்ம இலக்கியா அம்மிணிதான் ஒத்துக்க மாட்டீங்கறா"ன்னா.

"வலிக்கும்னா?"

"இல்லண்ணா. யாருன்னே தெரியாத ஆளு மடில நான் எப்பிடி உக்கார்றதுங்கறா."

என்னையத்தாங்க சொல்லியிருக்குது. யாருன்னே தெரியாத ஆளு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. ஊட்டுக்காரி வேற, "புள்ள சொன்னதுல என்ன தப்பிருக்குது? உங்களை அது எங்க பாத்துச்சு?"ங்கறா. அவ எப்பவுமே என்ற தங்கச்சி பக்கம்.

அடுத்த ஞாயித்துக்கெழமை பட்டறை வாசல்ல ஒரு காரு வந்து நின்னுச்சு. ஒரு புள்ள எறங்குச்சு. கண்ணாடி போட்டுட்டு, முடிய உச்சில தூக்கிக் கட்டிட்டு, கைல ஒரு அட்டைப்பெட்டி. பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க, எங்கம்மா மூக்கு அப்பிடியே. காருக்குள்ள மாப்ள. எறங்கல. கண்ணாடியக்கூட எறக்கல. கர்வம்.

"நீங்கதான மாமா?"ன்னா.

"ஆமா கண்ணு."

"மோட்டார் எல்லாம் செய்வீங்கன்னு அம்மா சொன்னாங்க. இதைச் செய்யத் தெரியுமா?"

பெட்டியத் தொறந்தா பச்சை நெறத்துல ஒரு சின்ன போர்டு. சீட்டுக்கட்டுல ஒரு சீட்டளவு இருக்கும். அதுதான் கம்ப்யூட்டராமா. முழுக் கம்ப்யூட்டரும் அதுக்குள்ளயே இருக்குதாமா. எங்க ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள இருக்கற ரிலே அதைவிடப் பெருசுங்க. "இதோட ஒரு ஸ்க்ரீன், பேட்டரி, பட்டனெல்லாம் சேத்து, மேல ஒரு பாடி போட்டா கையிலயே வெச்சு பழைய கேமெல்லாம் விளையாடலாம் மாமா. அந்தக் காலத்துல டிவில மாட்டி விளையாடுவாங்களே, அந்த மாதிரி. கடைல வாங்க வேண்டாம், நாமளே செய்யலாம். செஞ்சு முடிச்சா நான் காது குத்திக்கறேன்"னா.

பாத்தீங்களா? அப்பனுக்குக் கையாலாகாதுன்னு புள்ளைக்கே தெரிஞ்சிருக்குது. நேரா மாமங்கிட்ட வந்துருச்சு. "நீ எதுக்கு சாமி கையச் சுட்டுக்கற, மாமா ஒருத்தனே செஞ்சு முடிச்சர்றேன்"னு சொல்லி, நல்ல சேரா பாத்து உக்கார வெச்சு, ஃபேனை அது பக்கந் திருப்பி விட்டேன். மொகம் சித்த வாடுன மாதிரி இருந்துச்சு. பசி போலன்னு பப்ஸ் வாங்கப் போனேன். பட்டறைக்கு எதுத்தாப்பலயே ஒரு பேக்கரி இருக்குது. அங்க பப்ஸ் எப்பவும் ஆறியிருக்கும், அதனால தூரமா நடந்து போய்த்தான் வாங்குவேன்.

அதுலிருந்து ஞாயித்துக்கெழமையானா புள்ள வந்துரும். நானும் மும்முரமா எறங்கிட்டேன். பாடிய பிளாஸ்டிக்ல போடலாம்னு புள்ள சொல்லுச்சு. பிளாஸ்டிக்கா? மரகதம் பம்ப்ஸ்லயா? மரத்துல அச்சு கடைஞ்சு, தெரிஞ்ச ஃபவுண்டரில குடுத்து, அலுமினியம் ஊத்தி எடுத்தேன். நல்லா முத்துன தேங்கா கனம் இருந்துச்சு. புள்ள ரெண்டு கைலயும் தூக்கிப் பாத்துட்டு, "மாமா, இது கைல புடிக்கற மெஷின்"னுச்சு. "மடில வெச்சு வெளையாடு சாமி. நல்ல பொருள்னா கனமாத்தான் இருக்கும்"னேன்.

பட்டன்னு ஒரு பாக்கெட் குடுத்துச்சு, மொளகு மொளகா. அதெல்லாம் எத்தன நாளைக்கு வரும்? எங்க ஸ்டார்ட்டர் பொட்டில வெக்கற பட்டனையே போட்டுட்டேன். பச்சை அமுத்துனா சுடும், செவப்பு அமுத்துனா குதிக்கும். நாலு தெசைக்கு நாலு கறுப்பு. அமுத்துனா 'டொக்'குனு அடுத்த ஊட்டுக்குக் கேக்கும். மேல ஒரு தூக்குவளையம் வெச்சேன்.

"மாமா, இது எதுக்கு?"

"கவுத்தக் கட்டி எறக்கறதுக்கு அம்மிணி."

"எங்க எறக்கறது?"

எங்க எறக்கறதுன்னு நானும் யோசிக்கலீங்க. ஆனா தூக்குவளையம் இல்லாம எங்க பட்டறைலருந்து எந்த ஐட்டமும் வெளிய போனதில்ல. பொறவு நேம்பிளேட் ஒண்ணு ரிவெட் அடிச்சேன். 'மரகதம் பம்ப்ஸ், கோவை.' அதுல எத்தன குதிரைத்திறன்னு போட ஒரு எடம் இருந்துச்சு. காலியா விட்டா நல்லாருக்காதுன்னு அரைன்னு அடிச்சு விட்டேன்.

இதுல ஒரு வெசயம் சொல்றேன் கேளுங்க. எலக்ட்ரானிக்ஸ் சாமான் இருக்குதே, அது நம்ம அவசரத்துக்கு வேலை செய்யாது, செட் ஆகறதுக்கு நேரம் எடுக்கும். நான் ஸ்க்ரீனை மாட்டி சுவிட்சப் போட்டேன், படமெல்லாம் தலைகீழா வருது. வெமானம் மேலருந்து கீழ சுடுது. செரி, சித்த நேரம் விடுவோம்னு பப்ஸ் வாங்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா நேரா ஓடுது! ஸ்க்ரீனு நான் மாட்டுன மாதிரியேதான் இருக்குது, படம் மட்டும் தானா திரும்பிக்கிச்சு. "என்ன அம்மிணி, எப்பிடி?"ன்னா, "தெரியல மாமா, நல்லாயிருச்சு"ங்குது. இன்னொரு வாரம் பச்சைய அமுத்துனா செவப்பு வேலை செஞ்சுச்சு, செவப்பு அமுத்துனா மெஷினே அணைஞ்சு போச்சு. பப்ஸ் வாங்கிட்டு வந்தேன், சரியாயிருச்சு. நம்ம கைராசி அப்பிடி. மோட்டாரும் இப்பிடித்தாங்க, ஓட ஓடத்தான் செட் ஆகும். மாப்ள மட்டும் அன்னிக்கு ஒரு வாரம் பொறுத்திருந்தாருன்னா!

புள்ளையும் நல்ல சூட்டிகை. பேட்டரி சூடாகுதே, வேற வேணும்போலன்னு நான் மனசுல நெனைப்பேன். அடுத்த வாரம் அச்சா அதே பேட்டரியக் கொண்டாந்து நிக்கும். கேட்டா "அப்பா வாங்குனாரு"ங்கும். அவருக்கு என்னங்க தெரியும்? ஆபீஸ்ல யாராச்சும் சொல்லியிருப்பாங்க.

அந்த மனுசன் கதைய வேற கேளுங்க. மொதல் வாரம் காருக்குள்ள கண்ணாடி ஏத்திட்டு உக்காந்திருந்தாரல்ல? அடுத்த வாரம் கண்ணாடி எறங்கியிருந்துச்சு. வெக்கை. அதுக்கடுத்த வாரம் வெளிய வந்து வேப்பமரத்தடில நின்னாரு. காருக்குள்ள கொசு போலன்னு விட்டுட்டேன். பொறவு ஒரு நாளு கதவுகிட்டயே நின்னுட்டிருந்தாரு, போன்ல சிக்னல் தேடற மாதிரி. ஆடில ஒரு நாள் நல்ல சாரல். உள்ள வந்துட்டாரு, வேற எங்க போவாரு? புள்ள எங்க ரெண்டு பேத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு உக்காந்திருக்குது. கடைசில மனுசன் மேசை மேல இருந்த செப்புக்கம்பிய எடுத்துப் பாத்துட்டு, "மச்சான், இது எத்தன சுத்து வரும்?"னாரு.

பத்து வருசத்துல மொத வார்த்தைங்க. கேள்வி கேட்டா பதில் சொல்லோணுமல்ல? வைண்டிங்குன்னா என்ன, கம்பி கனம் எப்பிடிப் பாக்கறது, வார்னிஷ் எப்பிடி அடிக்கறதுன்னு மழை விடற வரைக்கும் சொன்னேன். மழை விட்டுருச்சு, பொறவும் சொன்னேன். நல்லா கேட்டாருங்க. கேக்கத் தெரிஞ்ச மனுசந்தான்.

எல்லாம் முடிஞ்சு, முகூர்த்தத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப, டெஸ்டிங் பண்ணுனேன். என்ன டெஸ்டிங்குன்னு கேக்கறீங்களா? மரகதம் பம்ப்ஸ்ல ஒரே டெஸ்டிங்தான். தண்ணித்தொட்டி. எந்த ஐட்டமா இருந்தாலும் தொட்டில முக்கி, காத்து வருதான்னு பாத்து, பொறவுதான் வெளிய அனுப்பறது. நான் சும்மா முக்கலீங்க. மூடிக்கு ரப்பர் வாஷர் வெச்சு, போல்ட்டு எல்லாத்தையும் முறுக்கி, தூக்குவளையத்துல கவுத்தக் கட்டித்தான் எறக்குனேன். பாத்தீங்களா, தூக்குவளையம் எதுக்குன்னு அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு.

முட்டை முட்டையா காத்து வந்துச்சுங்க. பச்சைப் பட்டன் வழியா. மேல தூக்குறதுக்குள்ள ஸ்க்ரீன் ஒரு தடவ பளிச்சுன்னு சிரிச்சுட்டு அணைஞ்சு போச்சு.

மறுநாள் புள்ள வந்துச்சு. சுவிட்சப் போட்டுது. வரல. தலைகீழாப் புடிச்சுது, தண்ணி சொட்டுச்சு. "மாமா, இதைத் தண்ணிலயா போட்டீங்க?"

"டெஸ்டிங் அம்மிணி."

புள்ள அழுவும்னு நெனச்சேன். அழுவல. என்னையே பாத்துச்சு. எங்கம்மா அப்பிடித்தான் பாக்கும், எங்கப்பன் ஏதாச்சும் பண்ணிட்டு வந்து நின்னா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. முகூர்த்தம் ரெண்டு வாரத்துல. மெஷின் இல்லீன்னா காது இல்ல. காது இல்லீன்னா மடி இல்ல. அந்த ஊட்டுப் பந்தில எனக்கு எலை இல்ல. திரும்பவும் யாருன்னே தெரியாத ஆளு. தொட்டிக்கட்டு மேல அப்பிடியே உக்காந்துட்டேன்.

புள்ள வெளிய போய் அப்பங்கிட்ட என்னமோ பேசிட்டு வந்துச்சு. எம்பக்கத்துல உக்காந்து, "மாமா, போன் தண்ணில விழுந்தா அரிசில வெப்பாங்க. நாம வேணா வெச்சுப் பாக்கலாம்"னுச்சு. அரிசி எதுக்கு, அதைவிடத் தவுடு நல்லா ஈரத்தை இழுக்குமேன்னு எனக்கு அப்ப பளிச்சுன்னு பட்டுச்சு. மாட்டுத்தீவனக் கடைல ஒரு மூட்டை வாங்கியாந்து, அதுக்குள்ள பொதைச்சு, மேல ஒரு எலுமிச்சம்பழத்தையும் வெச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை மூட்டையத் தொறந்தோம். "மாமா, நீங்க போய் பப்ஸ் வாங்கிட்டு வந்துருங்க"ன்னுச்சு. வந்தேன். ஓடுதுங்க! வெமானம் சும்மா படபடன்னு சுட்டுட்டுப் போகுது. "தவுடு வேலை செஞ்சிருச்சு மாமா!"ன்னு புள்ள குதிக்குது. கதவுகிட்ட மாப்ளையும் சிரிக்கறாரு. உங்க போன் தண்ணில விழுந்தா தவுட்டுல வைங்க, என்ற பேரைச் சொல்லி வைங்க.

ஒரே ஒரு அதிசயம். நாங்க உள்ள போற ஒவ்வொரு சாமான்லயும் மஞ்சப் பெயிண்ட்டுல ஒரு சொட்டு வெப்போம், எங்க ஐட்டம்னு அடையாளத்துக்கு. அந்தப் பச்சை போர்டுலயும் வெச்சிருந்தேன். தொறந்து பாத்தப்ப அந்தச் சொட்டு இல்ல. போர்டு புதுசாட்ட மினுமினுன்னு இருக்குது. எங்க பெயிண்ட்டு தண்ணில போற பெயிண்ட்டே இல்லீங்க. அதுவே கரைஞ்சு போச்சுன்னா பாத்துக்கங்க, இப்பல்லாம் எங்கயுமே தண்ணி சரியில்ல.

செரி, ஆவணி வந்துச்சு. காங்கயத்துப் பக்கம் அவிக கொலதெய்வக் கோயில். ஒரம்பரை அத்தனையும் வந்திருக்குது. நான் பட்டுவேட்டி கட்டி, சீர்த்தட்டுக தூக்கிட்டுப் போறேன். பழத்தட்டு, துணித்தட்டு, தோட்டுத்தட்டு, நடுவால ஒரு தட்டுல மெஷின். அந்தத் தட்டைத் தூக்குன என்ற மச்சினிச்சி மூணு தடவை கை மாத்துனா. ஒருத்தரு, "ஏனுங்க, சீர்ல மோட்டாரும் வெப்பீங்களா?"ன்னாரு. நேம்பிளேட்டப் படிச்சிருக்காரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. புள்ள வந்து தட்டுலருந்து மெஷினை எடுத்து, தூக்குவளையத்துல வெரலை விட்டுத் தொங்க விட்டுட்டு, "இது எங்க மாமா செஞ்சது. உங்க மாமா என்ன செஞ்சாங்க?"ன்னு கேட்டுச்சு பாருங்க.

மணைல உக்காந்தேன். ஒரு பெரியவரு, "இம்மாம் பெரிய புள்ளை மடில எப்பிடி உக்காரும்? பக்கத்துல உக்காரட்டும், போதும்"னாரு. நானும் செரின்னு தலையாட்டிட்டேன். நமக்கு எதுக்கு மேல மேல ஆசை. அப்பப் புள்ள சொல்லுச்சு, "இல்ல, நான் மாமா மடிலதான் உக்காருவேன்."

உக்காந்துச்சுங்க. தலை என்ற தாடைய இடிக்குது, காலு ரெண்டும் மணைக்கு அக்கட்ட நீண்டுட்டுக் கெடக்குது. அது மடில மெஷின். மொத்தக் கனமும் என்ற தொடைல. அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. கைக்கொழந்தையா உக்கார வேண்டிய மடி. தவழ்ந்துட்டு இருந்த புள்ளைய நான் தூக்கவே இல்ல. பள்ளிக்கூடம் போனதைப் பாக்கல, பல்லு விழுந்து மொளைச்சதைப் பாக்கல. அழுதேனுங்க. கற்பூரப் பொகைன்னு ஊட்டுக்காரிகிட்ட சொன்னேன், அழுதேந்தான். எல்லாம் அந்தத் தண்ணி பண்ணுன வேலை.

ஆசாரி ஊசிய எடுத்தாரு. எனக்கு ரத்தம்னா சித்த ஆவாது. ஒருக்கா ஊட்டுக்காரி அருவாமணைல வெரலை வெட்டிக்கிட்டா, மயங்கி விழுந்தது நானு. காலைல சாப்பிடாம இருந்தேன், அதான். ஊசியப் பாத்ததும் கோபுரம் லேசா ஆடுன மாதிரி இருந்துச்சு. புள்ள சட்டுனு மெஷினை என்ற கைல திணிச்சுட்டு, "மாமா, நீங்க வெளையாடுங்க. பச்சைய அமுத்துங்க, எதுக்க வர்றதை மட்டும் பாருங்க. தலையத் தூக்கக் கூடாது"ன்னுச்சு. பயந்துருச்சு பாவம், கைல புடிக்க முடியல. நானும் புள்ளைக்கு தைரியம் வரட்டும்னு வெளையாடுனேன். வெமானம் போகுது, எதுக்க என்னென்னமோ வருது, டொக்கு டொக்குன்னு சுட்டுட்டே போறேன். ஒரு பெரிய கப்பல் வந்துச்சு, விடலீங்க, அதையும் சுட்டு எறக்கிட்டேன். நிமுந்து பாத்தா எல்லாரும் சிரிச்சுட்டு நிக்கறாங்க. ரெண்டு காதுலயும் தோடு மின்னுது. புள்ள என்ற கையத் தட்டிக் குடுத்து, "முடிஞ்சுது மாமா, வலிக்கவே இல்ல"ன்னுச்சு.

பந்தில மாப்ள எம்பக்கத்துல எலை போட்டு உக்காந்தாரு. ரசத்துக்கு அப்பறம் மெதுவா, "மச்சான், ஊட்ல மோட்டார் நின்னு போச்சு. உங்க பழைய மோட்டாரை எறக்கலாம்னு பாக்கறேன்"னாரு. "அது இன்னும் இருக்குதா?"ன்னேன். "பழைய இரும்புக்காரன் எத்தனையோ தடவை கேட்டான். மரகதம் பேரு போட்டிருக்குது, எப்பிடிங்க போடறது?"ன்னாரு. பாயசத்தை அவரு எலைக்குத் தள்ளி விட்டேன், அவ்வளவுதான்.

பட்டறைக்குக் கொண்டாந்து பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒரு போல்ட்டு முறுக்காம லூசா இருந்துச்சு. பத்து வருசம் மூலைல சும்மா கெடந்தா போல்ட்டு லூசாகாதுங்களா? ஆகும். முறுக்கி, புது வைண்டிங் சுத்தி, தொட்டில முக்கிப் பாத்துட்டேன். ஒரு முட்டை காத்து வரல.

சித்த இருங்க, போன் அடிக்குது. இலக்கியாதான். சொல்லு கண்ணு... ஆமா சாமி, வந்துட்டேன், ரெண்டு ஸ்டாப்பு... செரி... செரி அம்மிணி, அப்பிடியே பண்றேன்... தொங்கட்டான் மாட்டாத, காது ஆறட்டும்.

கேட்டீங்களா? மோட்டாரை வாசல்ல எறக்கி வெச்சுட்டு நேரா போய் பப்ஸ் வாங்கிட்டு வரோணுமாமா. ஒண்ணும் அவசரம் இல்லியாமா, மெதுவா வந்தாப் போதுமாமா. அப்பனும் மகளும் ஸ்டார்ட்டரைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்காங்களாட்டருக்குது.

பஸ்ஸ்டாப்புக்கு எதுத்தாப்பலயே பேக்கரி இருக்குதுங்க. நல்ல பேக்கரிதான். அங்க வாங்க மாட்டேன். ஊருக்கு அந்தக் கடைசில ஒண்ணு இருக்குது, நடந்து போய் அங்கதான் வாங்குவேன். பட்டறைலயும் அப்பிடித்தான், எதுத்த பேக்கரில ஒரு நாளும் வாங்குனதில்ல. அங்கயும் சூடாத்தான் இருக்கும். ஆறியிருக்கும்னு உங்ககிட்டச் சும்மா சொன்னேன். முப்பது வருசமா அதே பெயிண்ட்டு அடிக்கறேன். அது தண்ணில போகாதுங்க, போர்டையே மாத்துனாத்தான் போகும். எனக்குத் தெரியாதா? புள்ளை கைல வேலை இருக்கறப்ப நாம பக்கத்துல நின்னா அதுக்குக் கை ஓடாது. அதுக்கும் நேரம் வேணுமல்ல? ஊட்ல யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, நீங்க எங்க பாக்கப் போறீங்க, இருந்தாலும் சொல்றேன்.

சூலூர் வந்துருச்சு. காலைச் சித்த எடுங்க. இந்தா, இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, தூக்குவளையம் இருக்குது பாருங்க, அதைப் புடிச்சாப் போதும். அவ்வளவுதான். வர்றேனுங்க.

ஆனா ஒண்ணு. அந்த ஊட்டுத் தண்ணி சரியில்லீங்க. அதுல மட்டும் ரெண்டாம் பேச்சே இல்ல.